ஷிபாரி: கயிற்றைக் கவனித்து ஆளைக் கோட்டை விடாதீர்கள்

ஷிபாரி என்கிற ஜப்பானியக் கயிற்றுக் கட்டுக் கலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது எந்த முடிச்சு, எப்படிப் போடுவது என்றுதான். நானும் என் துணையும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆறு மாதம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜப்பானிய மொழியில் ஷிபாரி என்றால் கட்டுதல், அவ்வளவுதான். வயதுவந்த இருவர் மனம் ஒத்து, ஒருவர் கட்ட மற்றவர் கட்டப்படுகிற இந்தக் கலையைக் குறிப்பாகச் சொல்லும்போது அங்கே கின்பாக்கு என்பார்கள். ஜப்பானின் பழைய எடோ ஆட்சிக் காலத்தில் கைதிகளைக் கட்டிய ஹோஜோஜுட்சு என்ற முறையின் சாயல் இதில் உண்டு. கைதியிடம் "வலிக்கிறதா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, பலரும் சறுக்குவதும் அதைக் கேட்கும் விதத்தில்தான்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். அன்று கட்டப்பட்டது நான். கைகள் முதுகுக்குப் பின்னால், மேல்கையைச் சுற்றி இரண்டாவது கயிறு வந்துவிட்டது, மூச்சு மெதுவாகி மனசு எங்கேயோ ஆழத்தில் போய்விட்டது. "சரியா?" என்று என் துணை கேட்டார். "ம்" என்றேன். அப்போதே கட்டை விரல் பக்கம் மரத்துக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும், ஆனால் அந்த அமைதியைக் கலைக்க மனம் வரவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம் என்று தோன்றியது. அவிழ்த்த பிறகு வலது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. டாக்டரிடம் ஓடினோம். கை குணமாக மூன்று வாரம் ஆனது.

"சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். நம் வீடுகளில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பழகியவர்கள் நாம், கட்டப்பட்ட நிலையில் மட்டும் மாறிவிடுவோமா? அதனால் கேள்வியை மாற்றுங்கள். "இடது கையில் எந்த இடம் அதிகமாக அழுத்துகிறது?" என்று கேட்டால் உடம்பைத் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். "என் விரலை அழுத்திப் பிடி" என்று சொல்லலாம். மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கச் சொல்லி, உங்கள் விரலால் லேசாக எதிர்த்துத் தள்ளிப் பார்க்கலாம். அந்த பலம் குறைந்தால் ரேடியல் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். மேல்கையின் வெளிப்பக்கம் எலும்பை ஒட்டியே அந்த நரம்பு போகிறது, கைகளைப் பின்னால் வைத்துக் கட்டும் கோதே வகைக் கட்டுகளில் அடிக்கடி அடிபடுவது அதுதான். கை முழுக்க மெல்ல மெல்லக் கனத்து நிறம் மாறினால் பெரும்பாலும் ரத்த ஓட்டம், ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுருக்கென்றாலோ திடீரென்று மரத்தாலோ நரம்பு. எதுவென்று சந்தேகம் வந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

நிறுத்தச் சொல்ல ஒரு சொல் வைத்துக்கொண்டோம், அது போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கயிற்றில் ஆழ்ந்து போனவருக்கு வாய் எழாது. பயத்தில் உறைந்தவருக்கும் எழாது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து வையுங்கள், அது கீழே விழுந்தால் எல்லாம் நின்றுவிட வேண்டும். சத்தம் கேட்டதும் "ஏன் போட்டாய்?" என்று விசாரிக்காமல் முதலில் கயிற்றில் கை வையுங்கள்.

அப்புறம், நடுவில் திட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். அந்த நிலையில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பே பேசி வைத்ததில் குறைக்கலாம், நிறுத்தலாம். கூட்டுவது இன்னொரு நாள், இருவரும் டீ குடித்துக்கொண்டு பேசிய பிறகு. அந்தப் பேச்சில் பழைய தோள்பட்டை அடி, சர்க்கரை, எடுக்கிற மாத்திரை, மயக்கம் வருகிற பழக்கம் எல்லாம் வர வேண்டும், அதைவிட முக்கியமாக இன்றைக்கு எதற்காக இது வேண்டும் என்பதும் வர வேண்டும். ஒருவர் தன்னை விட்டுக்கொடுத்து அழ நினைக்கலாம், மற்றவர் விளையாட்டாக நினைத்திருக்கலாம்.

படத்தைப் பார்த்துக் கட்டுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவீன கின்பாக்குவின் தந்தை என்று சொல்லப்படும் ஓவியர் இதோ செய்யு (1882–1961), 1921இல் கர்ப்பமாக இருந்த தன் மனைவியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்தவர், பழைய மரச்செதுக்கு ஓவியம் ஒன்றின் காட்சியை நேரில் பார்ப்பதற்காக. நூறு வருடம் கழிந்தும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் கயிற்றையும் வயிற்றையும் பார்க்கிறார்கள். அந்தப் பெண் அப்போது என்ன சொன்னார் என்று படத்தில் இல்லை. இன்று இணையத்தில் காண்கிற தொங்கும் படங்களிலும் அது இருக்காது, முன்னால் நடந்த பேச்சும் பல வருடப் பயிற்சியும் இருக்காது. தொங்கவிடுவதை வீடியோ பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள். தரையிலேயே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான விஷயம் இருக்கிறது.

தரையில் கட்டுவதற்கே பெயர் பெற்றவர் யுகிமுரா ஹருகி, 2016இல் மறைந்தார். அவர் பாணியில் கயிறு குறைவு, வருடல் அதிகம். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேகத்தைக் குறைப்பது. ஆறு மில்லிமீட்டர் சணல் கயிறு, ஏழெட்டு மீட்டர் நீளம். அதை இழுக்கிற வேகத்திலேயே கட்டுபவரின் மனசு தெரிந்துவிடும். விருட்டென்று இழுத்தால் தோல் எரியும், கட்டப்படுபவர் தோளை உயர்த்திக்கொள்வார். அதே கயிற்றின் நுனி முதுகில் மெதுவாக ஊர்ந்து போனால் அந்தத் தோள் தானாகவே இறங்கும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், உள்ளங்கையை முதுகில் வைத்து அவர் இரண்டு மூச்சு விடும் வரை காத்திருங்கள். இந்த இடைவெளியை ஜப்பானியர்கள் மா என்கிறார்கள். முடிச்சு சரியாக விழாமல் தடுமாறுகிற நேரத்திலும் ஒரு கை அவர் மேல் இருக்கட்டும், கை எடுபட்ட அந்த நொடியில் அவர் தனியாகிவிடுகிறார்.

கட்டப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாங்கிக்கொள்வது உங்கள் வேலை இல்லை. கட்டப்படுபவரை ஜப்பானிய மொழியில் உகேதே என்று அழைப்பார்கள், பெற்றுக்கொள்பவர் என்று பொருள். பெற்றுக்கொண்டதை உடனே திருப்பிச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையது. அன்று நான் "ம்" என்றதில் என் துணையை ஏமாற்றினேன், பாவம் அவருக்குத்தான் அதைத் தாங்க நாளானது.

மற்றவை சுருக்கமாக: கழுத்தில் கயிறு கூடாது. குடித்துவிட்டுக் கூடாது. கட்டிவிட்டு அடுத்த அறைக்குக்கூடப் போகக் கூடாது. முனை மழுங்கிய, துணியை வெட்டுகிற முதலுதவிக் கத்தரி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு விலை அதிகம் என்று வெட்டத் தயங்குகிறவர் கட்டவே வேண்டாம்.

அவிழ்ப்பதையும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் அதிக வருத்தம். கட்டும்போது எடுத்த நேரத்தை அவிழ்க்கவும் எடுங்கள். போர்வை, தண்ணீர், மணிக்கட்டில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருக்கும் தடத்தின் மேல் ஒரு கை. பேச்சு பிறகு வரட்டும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துக் காரணமே இல்லாமல் அழுகை வரும், அதனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கேளுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: "எந்த இடத்தில் நான் உன்னோடு இல்லை?" போன வாரம் எனக்குக் கிடைத்த பதில்: "தோள்பக்கம் மூன்றாவது சுற்று வரும்போது. நீ முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாய்."