காலி நிலத்தைப் பூங்காவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயன்படாமல் கிடக்கும் நிலத்தைப் பூங்காவாக்கலாம் என்று ஒரு தெருவே சேர்ந்து கிளம்பினால், பெரும்பாலும் முள் வெட்டுவதில்தான் வேலை தொடங்கும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் 'பூங்கா' என்று இருந்தால் மட்டும் போதாது. பத்திரம் பதிவானதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் நடுங்கள். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது அப்பகுதி மக்கள் வழக்காடினார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே மக்களுக்குத் துணை நின்றது திட்ட வரைபடம்தான்.

அடுத்தது தண்ணீர். நிலம் பள்ளமாக இருக்கிறதே என்று கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிவிடுவார்கள். மழைக்கு அங்கே தேங்கிய தண்ணீர் அப்புறம் வீடுகளுக்குள்தான் வரும். சென்னை அடையாற்றில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் நேர்மாறாகச் செய்தார்கள்: குவிந்து கிடந்த இடிபாட்டை அள்ளி, தண்ணீர் நிற்கும் பரப்பை விரித்தார்கள். சிறிய பூங்காவிலும் இருக்கிற பள்ளத்தைக் குட்டையாக விட்டுவிடலாம். நடைபாதை என்ற பெயரில் முழு இடத்துக்கும் பேவர் பிளாக் பதிப்பதும் இதே தவறுதான்.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். இடிபாடு கலந்த மண்ணில் சிறு குழி தோண்டிக் கன்று நட்டால் கோடையில் பட்டுவிடும். மூன்றடிக் குழி எடுத்துச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். புங்கம், பூவரசு, வேம்பு போதும். சீக்கிரம் பச்சையாகிவிடும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நடவே வேண்டாம்.

யாருக்காகப் பூங்கா என்பதையும் பலர் கேட்பதில்லை. கூட்டத்துக்கு வருகிற நாலு ஆண்கள் சேர்ந்து வாக்கிங் டிராக்கும் உடற்பயிற்சிக் கருவியும் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெண்களைக் கேட்டால் விளக்கும் கழிப்பறையும் முதலில் வரும். வயதானவர்கள் நிழலில், சாய்மானத்தோடு பெஞ்சு கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பந்து விளையாட வெறும் மண் தரை வேண்டும். அதையும் புல்வெளியாக்கி 'உள்ளே நுழையாதே' பலகை வைத்துவிடாதீர்கள்.

பணம் திரட்டும்போது கட்டும் செலவை மட்டும் கணக்குப் போடாதீர்கள். கரண்ட் பில், தண்ணீர், காவலாளி சம்பளம், அறுந்த ஊஞ்சல் சங்கிலி என்று மாதாமாதம் செலவு இருக்கும். அதில் எதை மாநகராட்சி பார்க்கும், எதைக் குடியிருப்போர் சங்கம் பார்க்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.