முப்பது தூர், ஒரே செடி

குளிர்நிலப் புற்களின் மரபணுப் பன்மையை, அதாவது ஒரே இனச் செடிகளுக்குள் மரபணுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை, படிக்க விரும்பும் சேலத்து மாணவர்களை முதலில் ஏற்காட்டுக்குத்தான் அனுப்புகிறேன். அண்டார்க்டிகாவின் டெஷாம்ப்சியா புல்லை அவர்கள் நேரில் பார்ப்பது அரிது. ஆனால் அந்த ஆய்வில் நேரும் பிழைகளில் பாதி, சேர்வராயன் கோயில் மேட்டுப் புல்வெளியிலேயே நேர்ந்துவிடும்.

பெரிய பிழை எண்ணிக்கையில் வருகிறது. ஒரு பாய் விரிக்கும் இடத்தில் முப்பது தூர்களைப் பறித்து, முப்பது செடிகள் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அருகை நினைத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரே செடி வரப்பு முழுக்க ஓடியிருக்கும். குளிர்நாட்டுப் புற்களிலும் இது உண்டு. ஸ்காட்லாந்தில் செந்நிற ஃபெஸ்க்யூ புல்லின் ஒரே செடி 200 மீட்டருக்கும் மேல் பரவியிருந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் குனிந்து பறித்தால் பன்மையே இல்லை என்றுதான் முடிவு வரும். தள்ளித் தள்ளிப் பறியுங்கள். ஒவ்வொரு தூரின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். போன ஐப்பசியில் ஒரு மாணவி செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்த இலைகளைப் பிரித்தேன். மூடுபனியின் ஈரம் காயாமல், மடிப்போடு ஒட்டிக் கறுத்து, புளித்த வாடை அடித்தது. அதிலிருந்து எடுத்த டிஎன்ஏ துண்டு துண்டாக நைந்திருந்தது. மூன்று நாள் அலைச்சல் வீணானதில் அந்தப் பெண் அழுதே விட்டாள். பறித்த கையோடு, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டுப் பையை மூடிவிட வேண்டும். நீல மணிகள் ஈரம் ஏறி வெளிர்சிவப்பானால் உடனே மாற்ற வேண்டும்.

பன்மை குறைவு என்றதும் இனம் அழியப்போகிறது என்று எழுதுவது அவசரம். டெஷாம்ப்சியாவின் பூக்கள் பெரும்பாலும் திறக்காமலே, தம் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கின்றன. சில விதைகள் மட்டும் வந்து சேர்ந்த தீவில் சந்ததி ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் அண்டார்க்டிகாவில் இயற்கையாக வாழும் இரண்டே பூக்கும் தாவரங்களில் இது ஒன்று. வெப்பம் கூடக்கூட, அங்குள்ள சிக்னி தீவில் வேகமாகப் பரவியும் வருகிறது.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவை மட்டும் வைத்து வம்சம் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. புற்களில் அது பெரும்பாலும் தாய்வழியாகவே வருகிறது. மனிதர்களோடு அண்டார்க்டிகாவுக்குப் போய்ச் சேர்ந்த போவா அனுவா, இரண்டு இனங்கள் கலந்து பிறந்த புல். தாய் போவா இன்ஃபிர்மா, தந்தை போவா சுபைனா. பெற்றோருக்குத் தலா 14 குரோமோசோம்கள், பிள்ளைக்கு 28. உட்கருவின் டிஎன்ஏவையும் படிக்காவிட்டால் சுபைனாவின் பெயரே அந்த வம்சாவளியில் வராது.