முதல்முறை ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியை நேரில் பார்க்கப் போகிறீர்களா? பயணத்தைத் திட்டமிடும் முறை

ஃபிகர் ஸ்கேட்டிங்கைத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறை அரங்கில் உட்கார்ந்ததும் வியப்பது பெரும்பாலும் வேகத்தைக் கண்டுதான். கேமரா ஆட்டக்காரரோடு கூடவே நகர்வதால், திரையில் அவர் நடுவில் நிற்க, பின்னணி மட்டும் ஓடுவதுபோலத் தெரிகிறது. அரங்கிலோ, அறுபது மீட்டர் நீளப் பனித்தளத்தை அவர் சில உந்தல்களிலேயே கடந்து, உங்கள் வரிசைக்கு எதிரே வந்து திரும்பும்போது, ஜவுளிக்கடையில் புதுத் துணியைக் கிழிப்பது போன்ற ஓசை காலடியிலிருந்து எழுகிறது. இந்த வேகமும் ஓசையும் திரையில் கிடைக்காதவை. பதக்கம் யாருக்கு என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்பதால், திரையில் கிடைக்காதவற்றுக்காகத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து. கீழே சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் அதையொட்டியவையே.

எந்தப் போட்டிக்குப் போவது?

போட்டிப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், ஜப்பான் உள்ளிட்ட நாடுகளில் வாரத்துக்கு ஒன்றாக ஆறு கிராண்ட் பிரீ போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் சேர்த்த புள்ளிகளின்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடம் பெறுவோர் டிசம்பரில் இறுதிப் போட்டியில் மோதுகிறார்கள். புத்தாண்டுக்குப் பின் தேசியப் போட்டிகளும் கண்ட அளவிலான போட்டிகளும் வர, மார்ச்சில் உலக சாம்பியன்ஷிப்போடு பருவம் ஏறக்குறைய முடிகிறது.

எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது உலக சாம்பியன்ஷிப்பின் மீதுதான். 2024-இல் மாண்ட்ரியலில் டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக், தம் நாற்பதாவது வயதில், மாக்சிம் டெஷானோடு இணையர் பிரிவில் உலகப் பட்டம் வென்ற இரவைப் போன்ற ஒன்றை நேரில் காண யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆயினும் முதல் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் போட்டி நடந்த பெல் சென்டர், ஹாக்கி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 21,000 பேர் உட்காரும் அரங்கு. கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் இருக்கையிலிருந்து ஆட்டக்காரர் விரல் உயரம்தான் தெரிவார். தனிநபர் பிரிவின் முதல் ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆடுவதுண்டு. அதிலிருந்து 24 பேர்தான் இரண்டாவது, நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டுக்குத் தேறுவார்கள். நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து ரசிப்பதற்குப் பழக்கம் வேண்டும்.

கிராண்ட் பிரீ அப்படியல்ல. ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் தலா 12 பேர் வரையிலும், இணையர் பிரிவில் 8 ஜோடிகளும், பெரிய தாவல்கள் இல்லாத ஜோடி ஆட்டமான பனி நடனத்தில் 10 ஜோடிகளும் மட்டுமே ஆடுகிறார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். எனக்குப் பழக்கமான போட்டி ஸ்கேட் கனடா. 1973-இல் கால்கரியில் தொடங்கிய இது, ஆண்டுதோறும் அக்டோபர் இறுதிவாக்கில் வெவ்வேறு நகரங்களில் நடக்கிறது. 2022-இல் மிசிசாகாவிலும், 2023-இல் வான்கூவரிலும், 2024-இல் ஹாலிஃபாக்ஸிலும், 2025-இல் சாஸ்கடூனிலும் நடந்தது. டொராண்டோ பகுதியில் வாழும் தமிழர்களுக்கு மிசிசாகா ஆண்டு நல்ல வாய்ப்பாக அமைந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே கொள்ளும் அந்த அரங்கில் எந்த இருக்கையும் தூரமில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இன்னும் சிறியதாக வேண்டுமென்றால், ஜெர்மனியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓபர்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில் செப்டம்பரில் நடக்கும் நெபல்ஹார்ன் கோப்பையைப் பார்க்கலாம். ஜப்பானின் என்ஹெச்கே கோப்பையை முதல் பயணத்துக்கு எண்ண வேண்டாம். அங்கே ஆர்வலர் கூட்டம் மிகுதி, டிக்கெட்டுகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும்.

கிராண்ட் பிரீயில் யார் எந்த நாட்டில் ஆடுவார்கள் என்ற பட்டியல் கோடையிலேயே வெளிவந்துவிடும். அதைப் பார்த்து, பிடித்த ஒருவருக்காக மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கணுக்கால் பிசகியது, முதுகு வலி என்று போட்டிக்கு இரண்டு நாள் முன்பு விலகுவது இந்த விளையாட்டில் வழக்கமான செய்தி. அதற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். நான்கைந்து பேரையாவது பார்க்க ஆவல் இருக்கும் போட்டியாகத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

டிக்கெட்டும் இருக்கையும்

பெரும்பாலும் முதலில் விற்பனைக்கு வருவது எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்த டிக்கெட். அமர்வுவாரியான தனி டிக்கெட்டுகள் பிறகுதான் வரும். செலவைக் குறைக்க எண்ணி, நான் முதல்முறை ஆண்களின் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்தேன். முந்தைய நாள் ஷார்ட் புரோகிராமில் யார் சறுக்கினார், யார் எதிர்பாராமல் மேலே வந்தார் என்ற கதை தெரியாமல், இடைவேளைக்குப் பிறகு படம் பார்க்க வந்தவன்போல உட்கார்ந்திருந்தேன். முழு டிக்கெட் இயலாவிட்டால், ஒரே பிரிவின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து எடுங்கள். நான்கு பிரிவுகளிலிருந்து ஒவ்வொரு துண்டு பார்ப்பதைவிட ஒரு பிரிவை முழுதாகப் பார்ப்பது நிறைவு தரும்.

இருக்கையைப் பொறுத்தவரை, விலை அதிகமென்பதாலேயே முதல் வரிசை சிறந்ததாகிவிடாது. அங்கே ஓசையும் முகபாவமும் கிடைக்கும். ஆனால் தளத்தின் மறுகோடியில் நடப்பது ஒரே கோடாகத் தட்டையாகத் தெரியும், குளிரும் மிகுதி. மிக உயரத்தில் உட்கார்ந்தால், ஆட்டக்காரர் பனியில் வரையும் வளைவுகள் கோலம்போல முழுதாகத் தெரியும்; வேகம் மட்டும் குறைந்துவிடும். முதல்முறை செல்பவருக்கு நீளப்பக்கத்தில், பத்து முதல் இருபது வரையான வரிசைகளையே சொல்வேன். நடுவர்கள் நீளப்பக்கங்களில் ஒன்றில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள், ஆட்டமும் அவர்களை நோக்கியே அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், அவர்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு மூலை பரவாயில்லை. லட்ஸ் என்னும் தாவலுக்கு, பின்னோக்கி நீண்ட வளைவில் வந்து, பெரும்பாலும் மூலைக்கு அருகேதான் எழும்புகிறார்கள். தளத்தின் குறுக்கே அவ்வளவு தூரம் முதுகு காட்டி வந்து, இடக்கால் ஸ்கேட் தகட்டின் வெளிவிளிம்பில் சாய்ந்து, வலக்கால் தகட்டின் முன்பற்களைப் பனியில் ஊன்றும் அந்த நொடி உங்களுக்கு நேர் எதிரே நடக்கும்.

பயிற்சியைத் தவறவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்: காலை நேரப் பயிற்சி அமர்வுகளுக்குப் போங்கள். முழு டிக்கெட் வைத்திருப்போரைப் பல போட்டிகளில் இதற்கு அனுமதிக்கிறார்கள். வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும். அரங்கு பாதிக்கு மேல் காலியாக இருக்கும், விரும்பிய இடத்தில் உட்காரலாம். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தளத்தில் இருப்பார்கள்; ஒவ்வொருவரின் இசையும் முறைவைத்து ஒலிக்கும், இசை யாருடையதோ அவருக்கு மற்றவர்கள் வழிவிடுவார்கள். பயிற்சியாளர்கள் தடுப்புச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். சுவரின் மேல் தண்ணீர்ப் புட்டியும் டிஷ்யூ பெட்டியும் இருக்கும். ஒருவர் ஒரே தாவலில் ஆறு முறை விழுந்து, ஏழாவதைப் பாதியில் கைவிட்டு, பயிற்சியாளரிடம் வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் திரும்பிப் போவதை ஒருமுறை பார்த்தேன். மாலையில் அதே தாவலை அவர் நெருங்கியபோது என் கைகள் இறுகிப்போயின. தொலைக்காட்சி அந்தப் படபடப்பை எனக்கு ஒருபோதும் தந்ததில்லை.

இதற்காகவே தங்குமிடத்தை அரங்குக்கு நடந்து போகும் தூரத்தில் எடுப்பது நல்லது. வரைபடத்தில் ஆறு கிலோமீட்டர்தானே என்று ஒருமுறை மலிவான விடுதியில் அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்து வந்து சேர்வதற்குள் நான் பார்க்க விரும்பிய குழுவின் பயிற்சியே முடிந்துவிட்டது. இரவு திரும்புவதற்கு டாக்ஸிக்குக் கொடுத்ததைக் கணக்கிட்டால் பக்கத்து விடுதியே மலிவாக இருந்திருக்கும்.

போவதற்கு முன்

இந்தியாவிலிருந்து கனடாவுக்கு வருவோருக்கு வருகையாளர் விசா தேவை. அதற்கான கைரேகைப் பதிவும் பரிசீலனையும் நாள் பிடிக்கக்கூடியவை என்பதால், விசா கைக்கு வரும்வரை ரத்துசெய்ய முடியாத விமான டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

உடை விஷயத்தில் ஊர்க் குளிரை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். பனித்தளத்தின் மேற்பரப்பை ஏறத்தாழ மைனஸ் 3, 4 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஆறு மணி நேரம் அசையாமல் உட்காரும்போது குளிர் பாதத்திலிருந்துதான் ஏறும். தடித்த கம்பளிக் காலுறை, கையுறை, மடியில் போட ஒரு சால்வை, பிளாஸ்டிக் இருக்கைக்கு மெல்லிய திண்டு ஆகியவை போதும். கைப்பையின் அளவுக்குப் பல அரங்குகளில் கட்டுப்பாடு உண்டு. வெளி உணவையும் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், சைவம் உண்போர் இடைவேளையில் வெளியே போய்வர நேரம் இருக்கிறதா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவைக்க வேண்டும். கனடாவில் உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று பூட்டீனை வாங்கிவிடாதீர்கள். மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது.

கொஞ்சம் வீட்டுப்பாடமும் தேவை. அரங்கில் வர்ணனையாளர் இல்லை என்பதைப் பலர் உள்ளே போன பிறகுதான் உணர்கிறார்கள். ஆறு தாவல்களில் ஆக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கி எழும்புவது. அதனால்தான் மற்றவற்றைவிட அரைச் சுற்று கூடுதல். டோ லூப், ஃபிளிப், லட்ஸ் மூன்றிலும் மறுகாலின் முன்பல் பனியைக் குத்தும். சால்கோவிலும் லூப்பிலும் குத்தாது. இவ்வளவு தெரிந்தாலே பாதி வழி வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அடிப்படைப் புள்ளி உண்டு. நடுவர்கள் அதன் தரத்துக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை வழங்குகிறார்கள். மூன்று சுற்று லட்ஸுக்கு 5.9 என்றால், 2022-இல் அமெரிக்க ஆட்டக்காரர் இலியா மலினின் போட்டியில் முதன்முதலாக இறங்கிக் காட்டிய நான்கரைச் சுற்று ஆக்ஸலுக்கு 12.5. கணக்கில் ஆர்வமில்லாதவர்கள் பனி நடனத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு இசை உணர்வே பாதி போதும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்க இணையான மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்தித் திரைப்பாடல்களுக்கு ஆடியதைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனால், கண் தானே பழகிவிடும்.

அரங்குக்குள்

ஆட்டம் நடக்கும்போது எழுந்து நடப்பது பெரும் மரியாதைக் குறைவு. ஒருவர் ஆடி முடியும்வரை வாயிற்காவலர்களே உங்களை நிறுத்திவைப்பார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதற்கு முழுத் தடை உண்டு, சுழன்றுகொண்டிருப்பவரின் கண்ணை அது கூசச் செய்யும் என்பதால். யாராவது விழுந்தால் உச்சுக்கொட்ட வேண்டாம். இசைக்கேற்பக் கைதட்டுங்கள், மொத்த அரங்கும் சேர்ந்துகொள்ளும். பொம்மையோ பூவோ எறிய அனுமதி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்; பூவாக இருந்தால் ஓர் இதழும் பனியில் உதிராதபடி முழுதாகப் பொதிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஆட்டத்துக்கு முன் ஐந்தாறு நிமிடம் வெள்ளோட்டம் உண்டு. அதைப் பேச்சுக்கான நேரமாக எண்ணாதீர்கள். யாருடைய கால் இன்று நிலையாக இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். குழுக்களுக்கு இடையே ஸாம்போனி வண்டி தளத்தைப் புதுப்பிக்கும்; சில நேரம் வண்டிக்கு முன்பே சிலர் வாளியில் ஈரப்பனியோடு வந்து, தாவல்கள் குத்திய குழிகளில் மண்டியிட்டு அமர்ந்து கையால் பூசி அடைப்பார்கள். காப்பி வாங்க எல்லோரும் ஓடும் நேரம் இதுதான். ஓடுங்கள், ஆனால் கடைசிக் குழு தொடங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். மிசிசாகாவில் 2022-இல் பெண்கள் பிரிவில் வென்றவர், ஷார்ட் புரோகிராமில் ஆறாவதாக வந்த ஜப்பானின் ரிங்கா வதனபே. ஃப்ரீ ஸ்கேட்டில் பொதுவாகப் பின்தங்கியோரே முன்னால் ஆடுவார்கள். ஆகவே கடைசி இருவரைப் பார்த்தால் போதும் என்று காப்பிக் கடை வரிசையில் நின்றவர்கள் தங்கம் வென்ற ஆட்டத்தையே தவறவிட்டிருப்பார்கள்.

ஞாயிறு மாலை பதக்கக் கவலையெல்லாம் தீர்ந்தபின் கலா என்னும் கண்காட்சி ஆட்டம் நடக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு, விதிகளில்லாமல், ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை ஆடுவார்கள். அது குறித்த நேரத்தில் முடிவது அரிது. ஊர் திரும்ப விமான டிக்கெட்டைத் திங்கள் காலைக்கு எடுங்கள்.