ஸ்பீட்பால் 2 ஆடக் கற்றுக்கொள்ளலாம்: முதல் டேக்கிளிலிருந்து முதல் டிவிஷன் வரை

கால்பந்து கேம், கிரிக்கெட் கேம் எல்லாம் ஆடி அலுத்துவிட்டது, விளையாட்டு கேம்களில் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் ஸ்பீட்பால் 2. லண்டனில் இருந்த பிட்மேப் பிரதர்ஸ் என்ற சின்னக் குழு 1990-இல் அமீகா, அடாரி எஸ்டி கணினிகளுக்காக உருவாக்கியது. பெட்டியில் இருக்கும் முழுப்பெயர் 'ஸ்பீட்பால் 2: ப்ரூட்டல் டீலக்ஸ்'. அப்போது அமீகா வைத்திருந்த பிரிட்டன்காரர்களைக் கேட்டால் இன்றும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தக் கணினி பெரிதாகப் புழங்காத ஊர்களில், நம் பக்கத்தையும் சேர்த்து, இந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு, அதனால்தான் ஒன்றுமே தெரியாதவர்களும் இன்று ராத்திரியே ஆட உட்காரும்படி இதை எழுதுகிறேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. இருபத்திரண்டாம் நூற்றாண்டு. சுற்றிலும் உலோகச் சுவர் அடைத்த ஆடுகளம், கவசம் மாட்டிய ஒன்பது பேர் எதிராக ஒன்பது பேர், நடுவில் ஓர் இரும்புப் பந்து. கையால் எறிந்து கோல் போட வேண்டும். ஃபவுல் என்ற பேச்சே கிடையாது, யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அடித்து வீழ்த்தலாம். ஒரு பாதிக்கு 90 நொடி, இரண்டு பாதி, மொத்தம் 3 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

படி 1: கேமைக் கையில் வாங்குவது

சுலபமான வழி, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் இருக்கும் ஸ்பீட்பால் 2 எச்டி. 2013-இல் வந்த மறுபதிப்பு, வாங்கிப் போட்டதும் ஓடும். ஆனால் எனக்கு மூலப் பதிப்புதான் பிடிக்கும், முடிந்தால் அதையே ஆடிப் பாருங்கள் என்பேன். டேன் மலோன் வரைந்த அந்த உலோகப் பளபளப்பு, விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களில் அப்படி ஒரு கனத்தைக் கொண்டுவந்தது, மறுபதிப்பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

மூலத்தை ஆட ஓர் எமுலேட்டர் வேண்டும், அதாவது இன்றைய கணினியைப் பழைய அமீகா போல நடக்க வைக்கும் மென்பொருள். விண்டோஸில் வின்யுஏஇ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்எஸ்-யுஏஇ, இரண்டும் இலவசம். இவற்றோடு கிக்ஸ்டார்ட் என்ற ரோம் கோப்பு ஒன்று தேவைப்படும், அது அமீகாவின் உள்ளே இருந்த அடிப்படை மென்பொருள், இன்னும் உரிமையுள்ள சரக்கு. அமீகா ஃபாரெவர் என்ற தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கினால் முறையாகக் கிடைக்கும். மாடல் என்று கேட்கும் இடத்தில் ஏ500, கிக்ஸ்டார்ட் 1.3 என்று தேர்ந்தெடுங்கள். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் 2022-இல் வந்த ஏ500 மினி என்ற குட்டிக் கருவி இருக்கிறது, அதில் இந்த கேம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது, டிவியில் செருகினால் போதும்.

ஜாய்ஸ்டிக் அல்லது கேம்பேட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விசைப்பலகையின் அம்புக்குறிகளையே ஜாய்ஸ்டிக்காக எமுலேட்டரில் அமைத்துக்கொள்ளலாம். பழகும்வரை கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

படி 2: ஒரே ஒரு பட்டன்

இந்த கேமில் பட்டன் ஒன்றுதான், அதுவே எல்லாவற்றையும் செய்யும். பந்து கையில் இருந்தால் எறியும். பந்து தலைக்கு மேலே பறந்தால் உங்கள் ஆள் எகிறிப் பிடிப்பான். எதிராளி பக்கத்தில் இருந்தால் பாய்ந்து விழுந்து அவன் காலை வாருவான், இதுதான் டேக்கிள். எந்த ஆளை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பதையும் கேமே முடிவு செய்யும். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன் தானாக உங்கள் கைக்கு வந்துவிடுவான்.

முதலில் பயிற்சி ஆட்டத்துக்குள் போய் எறிவதை மட்டும் பழகுங்கள். பந்து எப்போதும் உங்கள் ஆள் பார்க்கும் திசையில்தான் போகும், எட்டுத் திசைதான் உண்டு. குறுக்குத் திசைகளில் எறியக் கை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஏனென்றால் நல்ல பாஸும் நல்ல கோலும் பெரும்பாலும் குறுக்கேதான் வரும். சுவரில் மோதித் திரும்பும் பந்தையும் கவனித்துக்கொண்டே இருங்கள். இங்கே சுவரும் ஒரு கூட்டாளிதான்.

படி 3: அடிக்கப் பழகுங்கள், கோலைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்

புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் பந்து கிடைத்ததும் நேராக கோலைப் பார்த்து ஓடுவார்கள், நாலு அடி வைப்பதற்குள் யாராவது சாய்த்துவிடுவான், பந்து போய்விடும், கோபம் வரும், கேமை மூடிவிடுவார்கள். முதல் சில ஆட்டங்களில் தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு டேக்கிளை மட்டும் பழகுங்கள். பந்தை வைத்திருப்பவனைத் துரத்தாமல் அவன் போகப்போகும் இடத்துக்குப் போய், குறுக்கே விழ வேண்டும். பின்னாலேயே ஓடினால் பிடிக்கவே முடியாது.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், இந்த கேமின் புள்ளிக் கணக்கு. ஒரு கோலுக்கு 10 புள்ளி. எதிரணி ஆள் ஒருவன் அடிவாங்கி அடிவாங்கித் தெம்பு தீர்ந்து களத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டால் அதற்கும் 10 புள்ளி. கபடியில் ஆளை மடக்கிப் பிடித்தால் புள்ளி வருவது போலத்தான். வன்முறை இங்கே அலங்காரத்துக்கு வைத்த சமாச்சாரம் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. பந்தே இல்லாமல்கூட ஓர் அணியை நீங்கள் தோற்கடிக்கலாம், அப்படி ஆடுகிற எதிரணிகளும் வரும்.

ஒருவன் அப்படி விழும்போது ஆட்டம் ஒரு கணம் நிற்கும், மருத்துவ ரோபோக்கள் வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும், கூட்டம் இரையும். அந்த இரைச்சலுக்கு நடுவே எப்போதாவது ஒருவன் "ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம்" என்று கூவுவது கேட்கும். ஒலிகளை அமைத்தவர் ரிச்சர்ட் ஜோசஃப். இந்த ஒரு கூவலை வைத்தே அரங்கத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், காசு கொடுத்து வந்து இந்த அடிதடியைத் தின்பண்டத்தோடு ரசிக்கிறார்கள் என்று முழு உலகத்தையும் காட்டிவிட்டார். எத்தனை பக்கம் கதை எழுதியிருந்தாலும் இது வந்திருக்காது. தயவுசெய்து சத்தத்தை வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

படி 4: சுவர்களைப் படியுங்கள்

கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். பக்கவாட்டுச் சுவர்களில் வரிசையாக ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். பந்தை ஒன்றின் மேல் எறிந்தால் அது ஒளிரும், 2 புள்ளி. ஐந்தையும் ஒளிரவிட்டால் கூடுதலாக 10. ஆக மொத்தம் 20, அதாவது இரண்டு கோலுக்குச் சமம், கோல்கீப்பர் முகத்தையே பார்க்காமல். எதிரணியும் சும்மா இருக்காது, நீங்கள் ஒளிரவிட்டதை அதே போல் பந்தால் அடித்து அணைத்துவிடும், புள்ளியும் போய்விடும். தரையில் பதித்த குமிழ்கள் இருக்கின்றன, அவற்றில் பந்து மோதினாலும் 2 புள்ளி. வழியில் பட்டால் லாபம், அதற்கென்று மெனக்கெட வேண்டாம்.

பக்கச் சுவரில் வளைவுப் பாதை போல ஒன்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அதுதான் மல்டிப்ளையர். பந்தை அதற்குள் ஒருமுறை அனுப்பினால் அதன் பிறகு நீங்கள் எடுக்கும் புள்ளியெல்லாம் ஒன்றரை மடங்கு. இன்னொரு முறை அனுப்பினால் இரண்டு மடங்கு. கோல் 20, ஆளை வெளியேற்றினால் 20, ஒரு நட்சத்திரம் 4. எதிரணி அதே பாதையில் பந்தை அனுப்பினால் உங்கள் மடங்கு இறங்கிவிடும்.

இதன் அர்த்தம் என்னவென்று ஒரு ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் கருவி பந்தைத் துப்புகிறது, உங்கள் நடுக்கள ஆள் எகிறிப் பிடிக்கிறான். எதிரே கோல் இருக்கிறது, ஆனாலும் நீங்கள் பக்கவாட்டில் திரும்பி மல்டிப்ளையரில் எறிகிறீர்கள். பந்து சுற்றி வெளியே வரும் இடத்தில் உங்கள் ஆள் நிற்கிறான், எடுத்து மறுபடி அதற்குள்ளேயே எறிகிறான். ஒரு புள்ளிகூட வரவில்லை, 10 நொடி போய்விட்டது, பார்க்கிறவர்களுக்கு நேரத்தை வீணாக்குவது போலத்தான் தெரியும். ஆனால் இனி மிச்சமிருக்கும் நேரத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு கோலும் எதிரணியின் இரண்டு கோலுக்குச் சமம். 0-10 என்று பின்தங்கியிருந்தாலும் ஒரே கோலில் 20-10. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் இந்த கேம் உங்களுக்குத் திறக்கும். கோல் போடும் போட்டி மாதிரி தோன்றுகிறதே தவிர, உண்மையில் இது சுவர்களை யார் வைத்திருக்கிறார்கள் என்ற போட்டி.

மின்சாரம் ஏற்றும் இடம் ஒன்றும் சுவரில் உண்டு. அதில் மோதிய பந்து வழியில் வரும் எதிராளியை அப்படியே சாய்த்துக்கொண்டு போகும். இன்னொன்று, பந்து இந்தப் பக்கம் நுழைந்து எதிர்ச் சுவரில் வெளிவரும் வாசல், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: இப்போது கோல்

கோல்கீப்பருக்கு நேராக நின்று எறிந்தால் பிடித்துவிடுவான். ஒரு பக்கமாக ஒதுங்கி, அவன் உங்களை நோக்கி நகர்ந்த பிறகு குறுக்கே எறியுங்கள். கையில் பந்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வந்த கையோடு எறிவதுதான் பாதி வெற்றி.

படி 6: லீக், காசு, ஜிம்

கை ஓரளவு பழகியதும் லீக்கில் சேருங்கள். நாக்அவுட், கப் எல்லாம் இருந்தாலும் கேமின் முழு ருசி லீக்கில்தான். உங்கள் அணியின் பெயர் ப்ரூட்டல் டீலக்ஸ், இரண்டாம் டிவிஷனில் இருக்கும் நோஞ்சான் அணி. ஒவ்வொரு டிவிஷனிலும் எட்டு அணிகள். மேலே ஏறி முதல் டிவிஷனுக்குப் போக வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே களத்தில் காசுகள் தோன்றும், ஓடிப்போய் எடுங்கள். எதிரணியைச் சில நொடி உறைய வைப்பது போன்ற வில்லைகளும், கவசத் துண்டுகளும் வரும். சேர்த்த காசை ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு வழியில் செலவிடலாம்: ஏற்கெனவே இருக்கும் ஆட்களின் திறனை ஜிம்மில் ஏற்றலாம், இல்லை சந்தையில் புது ஆளை வாங்கலாம். வேகம், எறிதிறன், வலு, தாங்குதிறன், மூர்க்கம் என்று ஒவ்வொருவனுக்கும் எட்டு வகைக் குணங்கள் இருக்கும், எல்லாவற்றையும் ஆராய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

என் யோசனை இது, வேறு மாதிரி சொல்பவர்களும் உண்டு: தொடக்கத்தில் நட்சத்திர வீரர் யாரையும் வாங்காதீர்கள். ஒருவன் மட்டும் கெட்டிக்காரனாக இருந்து மற்ற எட்டுப் பேரும் நோஞ்சானாக இருந்தால் பந்து அவனிடம் வந்து சேராது. நடுக்களத்தில் இருப்பவர்களின் வேகத்தையும் வலுவையும் முதலில் ஏற்றுங்கள், ஏனென்றால் மல்டிப்ளையரும் நட்சத்திரங்களும் அவர்கள் ஓடும் பாதையில்தான் இருக்கின்றன. அப்புறம் தடுப்பாட்டக்காரர்கள். முன்வரிசைக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எமுலேட்டரில் ஆடினால் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நிலையைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஒரு சீசன் முழுவதையும் இழப்பது ரொம்பக் கசப்பான விஷயம்.

படி 7: சூப்பர் நாஷ்வான்

முதல் டிவிஷனில் கடைசிக் கண்டம் இந்த அணி. பெயரும் சும்மா வைத்ததில்லை, பிட்மேப் பிரதர்ஸின் முந்தைய கேமான ஜெனான் 2-இல் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கும் உச்சபட்ச ஆயுதத்தின் பெயர் அது. இவர்கள் வேகமானவர்கள், பந்து வராதவனையும் தேடிப்போய் அடிப்பார்கள். மாற்று ஆட்களாக இருக்கும் மூவரையும் தெம்போடு வைத்திருங்கள், ஜிம்மில் அவர்களை மறந்துவிட்டால் இரண்டாம் பாதியில் தெரியும்.

இவர்களோடு ஆடும்போது முதல் எறி மல்டிப்ளையருக்குத்தான். அவர்கள் அதை இறக்க வந்தால் விட்டுவிடாதீர்கள், அந்த இடத்திலேயே அடித்துப் பந்தைப் பிடுங்கி மறுபடி ஏற்றுங்கள். முதல் பாதி முழுவதும் அந்தச் சுவரோரத்திலேயே போனாலும் போகட்டும். மடங்கு உங்கள் கையில் இருக்கும்வரை கடைசி 15 நொடியில்கூட ஒரு கோலோ, ஒரு ஸ்ட்ரெச்சரோ 20 புள்ளி தரும், அது அவர்களுக்கு இரண்டு முறை கோல் போட்டால்தான் ஈடாகும்.