பிளக் மாட்ட ஒரு சாண் ரப்பர் ஓஸ்

இப்போதைய கார்களில் ஸ்பார்க் பிளக் குழி ஆழம், கை போகாது. ஸ்பேனரோடு இறக்கித் திருகினால் மரை கோணலாக ஏறி, பிளக் உட்காரும் அலுமினிய ஹெட்டையே (இன்ஜினின் மேல்பகுதி) கெடுத்துவிடும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, மேலூர் ரோட்டிலிருந்து லேத் பட்டறைக்கு ஓடினேன்.

ஒரு சாண் பெட்ரோல் ஓஸ் போதும். உள்துளை சுமார் 8 மி.மீ.; கடைக்குப் பழைய பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள், இறுக்கமாக நிற்க வேண்டும். பிளக்கின் மேல்முனையில் மாட்டிக் குழிக்குள் இறக்கி, விரலால் திருகுங்கள். மரை கோணலானால் ஓஸ் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. சரி, எடுத்து மறுபடி வையுங்கள். கையாலேயே கடைசிவரை இறங்கிய அப்புறம்தான் ஸ்பேனர். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

ஓஸை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள்; மதுரை வெயிலில் காய்ந்து பிடியை விட்டுவிடும்.