வேற்றுக்கிரகத்தில் கை கொடுக்கும் முன்: கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்கலம் இறங்குகிறது, கீழே ஒரு ஊரே கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கிறது, நம் ஆட்கள் கையில் மருந்து இருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? அறிவியல் கதை எழுத உட்காருகிற பலர் எப்படியோ இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் தலையிடவே கூடாது என்கிற கேப்டனையும், தடையை மீறி ஊரைக் காப்பாற்றுகிற டாக்டரையும் சண்டை போட விடுவார்கள். அந்த இருவரையும் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு அந்தமானைப் படியுங்கள். இதே கேள்வி அங்கே நிஜ மனிதர்களிடம் நடந்து முடிந்திருக்கிறது.

முதல் வேலை, உங்கள் ஆட்களுக்கு முன்னால் அங்கே யார் போனார்கள் என்று முடிவு செய்யுங்கள். 1880-ல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி, வெளியாட்களை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, வயதான ஒரு தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவரும் நோய் வந்து இறந்துபோனார்கள், குழந்தைகளைக் கைநிறையப் பரிசோடு கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் குழந்தைகள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசியுங்கள். உங்கள் கதையில் அம்பு விடுகிறவனுக்கும் அப்படி ஒரு பாட்டி இருந்திருக்கலாம், அதை நீங்கள் எழுதியாக வேண்டும்.

அடுத்து கிருமி. உயிர் இருக்கிறதா என்றே தெரியாத சனியின் துணைக்கோள்களில் நம் கிருமி ஒட்டிவிடக் கூடாது என்று, எரிபொருள் தீரும் நிலையில் இருந்த காசினி விண்கலத்தை 2017-ல் சனிக்குள்ளேயே விழவைத்து அழித்தார்கள். நுண்ணுயிருக்கே இவ்வளவு கவனம் என்றால், பேசுகிற, பிள்ளை பெறுகிற ஒரு கூட்டத்தின் நடுவே கதாநாயகன் முதல் நாளே தலைக்கவசத்தைக் கழற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது முக்கியமான இடம். 1996-ல் கால் முறிந்து கிடந்த, ஜாரவா என்ற அந்தமான் காட்டுப் பழங்குடிச் சிறுவனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் சேர்த்துக் குணமாக்கி, சில மாதம் கழித்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அடுத்த ஆண்டே, அதுவரை வெளியாட்களைக் கண்டால் அம்பெடுத்த ஜாரவாக்கள் ஆயுதமில்லாமல் ஊர்களுக்கு வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் போட்ட சாலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாகப் போயின, ஜன்னல் வழியே பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசினார்கள். எல்லாம் அந்த ஒரு காலால் வந்தது என்று சொல்லமாட்டேன், சாலை அதற்கு முன்பே இருந்தது. உங்கள் கதையிலும் இப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்: உதவி சரியானதாக இருக்கட்டும், அதன் பின்னால் வருகிறவர்கள் வேறு ஆட்களாக இருக்கட்டும். டாக்டர் மருந்து கொடுத்த பிறகு அதே பாதையில் வியாபாரி வருவான், சாமியைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான், வேடிக்கை பார்க்க நூறு பேர் வருவார்கள். அந்தப் பாதைக்குக் காவல் யார் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கீழே இறக்குங்கள்.

அப்புறம், அவர்கள் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்கள்? 1974-ல் வெளியாட்கள் சென்டினல் கரையில் பரிசாக ஒரு பன்றியையும் பொம்மையையும் வைத்துவிட்டு வந்தபோது, தீவு மக்கள் பன்றியைக் குத்திக் கொன்று, பொம்மையோடு சேர்த்து மணலில் புதைத்துவிட்டார்கள். கூட வைத்திருந்த தேங்காயையும் சமையல் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நலம் பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் அம்பெய்தார், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மொழி பெயர்க்கும் கருவியைக் கதையில் வைக்காமல், இந்த மாதிரிச் செய்கைகளை வைத்தே பாத்திரங்களைப் புரிந்துகொள்ள விடுங்கள்.

என் கணக்கு இதுதான்: கேட்டால் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவன் அங்கேயே இருந்து பின்விளைவைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பயிற்சி. 1991-ல் சென்டினல் மக்கள் இடுப்பளவு தண்ணீருக்குள் வந்து அரசுக் குழுவின் படகிலிருந்து கையாலேயே தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அரசு அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. தேங்காய்ப் படகு வராமல் போன முதல் வருடம், கரையில் உட்கார்ந்து அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அதை அவர்கள் பக்கமிருந்து அரைப் பக்கம் எழுதுங்கள். விண்கலம் இறங்கும் காட்சியை அதற்குப் பிறகு தொடங்கலாம்.