ஜெர்மன் படிப்பவர்களுக்கு ஒரு சொல் விளையாட்டு

ஜெர்மன் வகுப்பு முடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் ‘டெர் ரேகன்’ (மழை) என்றால், அடுத்தவர் சட்டென்று மனதில் வருவதைச் சொல்ல வேண்டும்: ‘டெர் ஷிர்ம்’ (குடை). அப்புறம் ‘டீ டாஷ’ (பை), ‘டாஸ் கெல்ட்’ (பணம்) என்று ஓடும். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டெர், டீ, டாஸ் சேர்க்காமல் வெறும் சொல்லைச் சொன்னால் அவுட். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். எந்தச் சொல்லுக்கு எது என்று தனியாக உருப்போடுவது பெரும் தொல்லை.

தொடர்பு புரியவில்லையா? ‘வரூம்?’ (ஏன்?) என்று மடக்குங்கள். பதில் ‘வைல்’ (ஏனென்றால்) என்று தொடங்க வேண்டும். அந்த வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், கிட்டத்தட்ட தமிழ் மாதிரியே. நமக்கு அது கொஞ்சம் சுலபம்தான். திணறினால் சைகை காட்டலாம், தமிழுக்குத் தாவக் கூடாது. அகராதியை ஆட்டம் முடிந்த பிறகு திறந்தால் போதும்.